செமஸ்டர் நடுவில் துறைத் தலைவர் விலகினால்: பொறுப்பு ஏற்பவருக்குச் சில வழிகள்

2024 செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பீரியட். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடு காட்டிக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்று, "மேடம், பிரின்சிபால் உடனே வரச் சொன்னாங்க" என்றார். போய்ப் பார்த்தால், எங்கள் துறைத் தலைவர் பதவி விலகல் கடிதம் கொடுத்திருந்தார். பேராசிரியராக நீடிப்பேன், என் வகுப்புகளை எடுப்பேன், தலைவர் பொறுப்பு மட்டும் இனி வேண்டாம் என்று அதில் இருந்தது. பணிமூப்பில் அவருக்கு அடுத்தவர் உடல்நிலையைச் சொல்லி மறுத்துவிட்டார். மூன்றாவது ஆள் நான்.

எங்களுடையது ராமநாதபுரம் கடலோரத்தில், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரி. விலங்கியல் துறை. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைகள்தான் பெரும்பாலும். செமஸ்டர் முடிய எட்டு வாரம்கூட இல்லை. இரண்டாவது அகத்தேர்வு, செய்முறைத் தேர்வு, மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவுக்குக் கல்விப் பயணம் என்று எல்லாமே பாக்கி. அந்த எட்டு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதை, இதே மாதிரி திடீரென்று கூப்பிடப்படும் இன்னொருவருக்காக எழுதுகிறேன்.

ஏன் விலகினார் என்று தேடிப் போகாதீர்கள்

முதல் நாள் உங்களை எல்லோரும் கேட்பது இதைத்தான். ஸ்டாஃப் ரூமில், கேன்டீனில், பஸ்ஸில்கூடக் கேட்பார்கள். நம் ஊர்ப் பக்கம் சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். காரணம் தெரிந்தாலும் சொல்ல வேண்டாம், தெரியாவிட்டால் ஊகிக்கவும் வேண்டாம். ஒரு வாக்கியத்தை முடிவு செய்துகொண்டு எல்லோரிடமும் அதையே சொல்லுங்கள். நான் சொன்னது இது: "சார் பொறுப்பிலிருந்து விலகியிருக்கிறார், வகுப்பு எடுப்பார், செமஸ்டர் முடியும்வரை துறை வேலையை நான் பார்க்கிறேன்."

மாணவர்களிடம் இதை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். மறுநாள் முதல் பீரியடிலேயே ஒவ்வொரு வகுப்புக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் மனதில் இருப்பது வேறு கேள்வி. இன்டர்னல் மார்க் என்ன ஆகும், யார் போடுவார்கள், டூர் உண்டா இல்லையா? எங்கள் பாடத்திட்டத்தில் 100க்கு 25 மதிப்பெண் அகமதிப்பீடு. "முதல் டெஸ்ட் மார்க் அப்படியே இருக்கும், அடுத்த டெஸ்ட் சொன்ன தேதியில் நடக்கும், மார்க் போடும் முறை மாறாது" என்று மூன்று வகுப்பிலும் சொன்னேன். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் மூச்சு விட்டது எனக்கே கேட்டது. நீங்கள் மாற்ற நினைக்கும் எதையும் அடுத்த செமஸ்டருக்குத் தள்ளி வையுங்கள், அது எவ்வளவு நல்ல மாற்றமாக இருந்தாலும் சரி.

ஆணை வந்த பிறகே கையெழுத்து

பிரின்சிபால் வாயால் சொன்னது போதாது. எழுத்தில் ஆணை வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பொறுப்பு, எதிலெல்லாம் கையெழுத்துப் போடலாம் என்பது அதில் இருக்க வேண்டும். பதவிப் பெயர் "துறைத் தலைவர் (பொறுப்பு)" என்றிருந்தால் முத்திரையிலும் அப்படியே இருக்கட்டும். பழைய முத்திரையைக் கவரில் போட்டு, ஒட்டி, அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் உங்கள் பொறுப்புக்கு முந்தைய தேதியிட்டுக் கையெழுத்து வேண்டும் என்று யாராவது வந்து நிற்பார்கள். அன்பாக மறுத்துவிட்டு, அன்றைய தேதியில் போட்டுக் கொடுங்கள்.

அப்புறம் போன் நம்பர். துறையின் மின்னஞ்சல், மார்க் ஏற்றும் தளம், துறை மன்றத்தின் வங்கிக் கணக்கு மூன்றுக்கும் ஓடிபி யாருடைய செல்லுக்குப் போகிறது என்று முதல் நாளே பாருங்கள். எங்களுக்கு மூன்றுமே சாருடைய நம்பர். அவர் அதே வளாகத்தில் இருந்ததால் பிழைத்தோம். விலகியவர் ஊரைவிட்டே போகிறார் என்றால், அவர் கிளம்பும் முன் நம்பரை மாற்றியாக வேண்டும். வங்கியில் தீர்மான நகல், புதியவரின் ஆதார், பான் என்று கேட்பார்கள். ஒரே நடையில் முடியாது, அதனால் அதை முதலில் தொடங்குங்கள்.

ஒரு மணி நேரம், ஒரு காலண்டர்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பதவி கைமாறும்போது கோப்புகள் அலமாரியில்தான் இருக்கும். அவர் தலையில் வைத்து நடத்திய காரியங்கள்தான் தொலையும். அவற்றை வாங்க ஒரே வழி நேரில் போய் உட்காருவது. நான் முதலில் தப்பாகக் கேட்டேன். "சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா சார்?" என்றேன். "ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் ஃபைல்லயே இருக்கு" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. பத்து வருஷம் பழகிப்போன வேலை ஒருவருக்கு வேலையாகவே தெரியாது.

மறுநாள் தினசரி காலண்டரை எடுத்துக்கொண்டு போனேன். அமாவாசை, பௌர்ணமி, விடுமுறை எல்லாம் போட்ட நம் வீட்டுக் காலண்டர். அன்றைய தேதியிலிருந்து நவம்பர் கடைசிவரை வாரம் வாரமாகப் புரட்டி, "இந்த வாரம் நீங்க இருந்திருந்தா என்ன சார் செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டேன். அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்தது.

அக்டோபர் 2ஐத் தொட்டதும், "அன்னிக்கு மகாளய அமாவாசை. முதல் நாளே ராமேஸ்வரம் பஸ்ஸெல்லாம் நிறைஞ்சிரும், தீவுப் பிள்ளைங்க வர முடியாது, 1ஆம் தேதி டெஸ்ட் வைக்காதீங்க" என்றார். பாம்பன் பாலத்துக்கு அப்பால் இருக்கும் ராமேஸ்வரம் தீவுப் பிள்ளைகளுக்கு முதல் பீரியடில் பதினைந்து நிமிடம் தாமதத்தை அவர் கணக்கில் எடுப்பதில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோன பிறகு அந்தப் பிள்ளைகள் பஸ்ஸையே நம்பி இருந்தார்கள். புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில்தான். இடைப்பட்ட காலத்தில் இந்தச் சலுகை எந்தத் தாளிலும் இல்லை, அவர் வாய்ச்சொல்லாகவே இருந்தது. நான் தெரியாமல் வருகைப் பதிவேட்டைக் கறாராகப் பார்த்திருந்தால், 75 சதவீதத்துக்குக் கீழே எத்தனை பேர் போயிருப்பார்களோ.

பௌர்ணமியைத் தொட்டார். பாம்பன் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அம்மாவோடு கடல் பாசி எடுக்கப் போவார்கள். நீர் வற்றும் அந்த நாட்கள்தான் பாசிக்கு ஏற்றவை, அந்த வருமானத்தில்தான் பீஸ் கட்டுகிறார்கள். செய்முறை வகுப்புக்கு இரண்டு பேட்ச் பிரிக்கும்போது, அந்த நாட்கள் வராத பேட்ச்சில் அவர்களைச் சார் போட்டுவிடுவார். ஏன் அந்த பேட்ச் என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்களே இது தற்செயல் என்று நினைத்திருக்கலாம்.

இன்னொரு மாணவன். அவன் அப்பா எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்தார். தேர்வுக் கட்டணத்துக்குச் சார் அலுவலகத்தில் பேசி அவகாசம் வாங்கியிருந்தார். அந்த அவகாசம் அக்டோபர் இரண்டாம் வாரத்தோடு முடிகிறது. யார் ஞாபகப்படுத்துவது? காலண்டரில் குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் கடைசி வாரத்துக்கு வந்ததும் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "செய்முறைத் தேர்வை 25ஆம் தேதிக்குள்ள முடிச்சிடுங்க. 30 பசும்பொன் குருபூஜை, அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா பஸ்ஸை மாத்தி விடுவாங்க. மதுரைப் பக்கத்துலேர்ந்து வர்ற எக்ஸ்டெர்னல் வந்து சேர முடியாது. 31 தீபாவளி. அதைத் தாண்டினா மழை." வெளித்தேர்வாளரிடம் அன்று மாலையே பேசி 24, 25 என்று உறுதி செய்தேன். நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, எங்கள் செய்முறைத் தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியலும் போயாகியிருந்தது.

ஒரு மணி நேரம் என்று கேட்டுப் போனேன், இரண்டரை மணி நேரம் ஆனது. நீங்களும் ஒரு மணி நேரம் என்றே கேளுங்கள். விலகியவருக்கு மனதில் பாரம் இருக்கும், பெரிய கூட்டம் போல வைத்தால் வர மாட்டார். நோட்டில் எழுதிக்கொண்டே கேளுங்கள், ரெக்கார்டு பண்ணாதீர்கள்.

ஜாடிகளை எண்ணாமல் கையெழுத்துப் போடாதீர்கள்

வேதியியல், இயற்பியல் துறைக்காரர்களுக்குக் கருவிகள், ரசாயனங்கள். எங்களைப் போன்ற கடலோர விலங்கியல் துறைக்கு கடல் உயிர்களின் மாதிரிகளை ஜாடிகளில் பதப்படுத்தி வைத்திருக்கும் அருங்காட்சியக அறைதான் பெரிய தலைவலி. இருப்புப் பதிவேட்டில் "ஒப்படைத்தேன், பெற்றுக்கொண்டேன்" என்று இரண்டு கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். பேனாவைத் திறந்தபோது எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன், "எண்ணாம போடாதீங்க மேடம். அப்புறம் உங்க தலையில வரும்" என்றார். இருபது வருஷத்துக்கு மேல் அந்த அறையைப் பெருக்கித் துடைத்தவர்.

எண்ணினோம், இரண்டு நாள். பதிவேட்டில் 186 ஜாடிகள், அலமாரியில் 171. உடைந்தவை, காய்ந்து போனவை எதையுமே முறைப்படி நீக்கவில்லை. எண்ணிக்கைகூடப் பரவாயில்லை. உள்ளே என்ன இருந்தது என்று சொல்கிறேன்: கடல் அட்டை ஒன்பது ஜாடி, கடல் குதிரை நான்கு, பவளத் துண்டுகள் ஒரு தட்டு நிறைய, அதோடு ஒரு ஆவுளியாவின் (கடல் பசு) மண்டை ஓடு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எல்லாம் 2001ல் சேர்க்கப்பட்டன. ஆவுளியா அதற்கு முன்பிருந்தே பாதுகாக்கப்பட்ட உயிர். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம். இங்கே கடல் அட்டை வைத்திருந்து பிடிபடுகிறவர்களைப் பற்றி அடிக்கடி செய்தியில் வருகிறது. கல்லூரி ஜாடியில் இருப்பது படிப்புக்காக வாங்கிய பழைய மாதிரிதான். ஆனால் அது பழையது என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது ஜாடியின் லேபிளும் அந்தக் காலத்துக் கொள்முதல் பதிவேடும் மட்டும்தான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு ஜாடியையும் லேபிள் தெரியும்படி போட்டோ எடுங்கள். லேபிளில் ஆண்டு இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் "ஆண்டு இல்லை" என்று எழுதுங்கள், நீங்களாக ஒரு ஆண்டைப் போடாதீர்கள். பதிவேட்டுக்கும் அலமாரிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனித் தாளில் பட்டியலாக்கி, ஒப்படைப்பவர், பெறுபவர், ஆய்வக உதவியாளர் மூவரும் கையெழுத்திடுங்கள். ஒன்றையும் தூக்கி எறியாதீர்கள், வீட்டுக்கோ வேறு கல்லூரிக்கோ கொடுக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட உயிர்களின் பட்டியலைத் தனியாக எடுத்து, பிரின்சிபால் வழியாக ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, இவற்றை எப்படிப் பதிய வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கடிதத்தின் நகலை அந்த அலமாரிக்குள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

எண்ணும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். பழைய ஜாடிகளில் ஃபார்மலின் ஆவியாகி மூடி இறுகிப் போயிருக்கும், தட்டித் திறக்கக் கூடாது. எனக்கு முதல் நாள் மாலை கண் எரிச்சலில் தூக்கமே இல்லை. 2014ல் வகுப்பறையில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தும்படி யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொன்ன பிறகு பயன்படாமல் கிடக்கும் டிசெக்‌ஷன் பெட்டிகளையும் சேர்த்து எண்ணுங்கள். பயன்படாவிட்டாலும் அவை கணக்கில் இருக்கின்றன.

பிறருக்குப் போக வேண்டிய பணம்

இங்கே ஒரு தவறு செய்தேன். எங்கள் துறையில் கௌரவ விரிவுரையாளர்கள் இரண்டு பேர். மாதம் முடியும்போது அவர்கள் எத்தனை வகுப்பு எடுத்தார்கள் என்ற விவரத்தில் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பினால்தான் சம்பளம். செப்டம்பர் 30 அன்று நான் ஜாடி எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தத் தாள் மேஜையிலேயே இருந்தது. சம்பளம் பதினொரு நாள் தள்ளிப் போனது. அவர்களில் ஒருவருக்கு வீட்டு வாடகை அதில்தான். அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பொறுப்பு ஏற்ற அன்றே, அந்த மாதத்தில் யார் யாருக்குப் பணம் போக உங்கள் கையெழுத்து வேண்டும் என்று அலுவலக எழுத்தரிடம் கேட்டுவிடுங்கள். சம்பளம், உதவித்தொகை, பயணப்படி, மூன்றையும் கேளுங்கள்.

பழைய பெயரில் போன கடிதங்கள்

குருசடைக்கு அனுமதி கேட்ட கடிதம் ஆகஸ்டிலேயே போயிருந்தது, சார் பெயரில். அவர் பெயரும் செல் நம்பரும் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். அப்படியே போய்விடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது பிள்ளைகளைப் படகில் ஏற்றும்போது, அனுமதித் தாளில் இருக்கிறவர் ஒருவர், கூடப் போகிறவர் இன்னொருவர் என்றிருந்தால், ஏதாவது நடந்தால் யார் பதில் சொல்வது? புதுக் கடிதம் கொடுத்தோம். அக்டோபர் 5க்குப் போட்ட பயணம் 19ஆம் தேதிக்குத் தள்ளியது. பிள்ளைகளுக்கு வருத்தம்தான். ஆனால் 17 பௌர்ணமி, நீர் நன்றாக வற்றியிருந்தது. பாசி எடுக்கும் அந்த இரண்டு பெண்களும் அன்று வந்தார்கள். பாசிகளில் மரிக்கொழுந்து எது, கட்டக்கோரை எது என்று வகுப்புக்கே அவர்கள்தான் காட்டிக் கொடுத்தார்கள். எனக்குத் தெரியாத இரண்டு பெயர்களை நானும் குறித்துக்கொண்டேன்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகுப் பயணம் ரத்து என்று பெற்றோருக்கு அனுப்பும் ஒப்புதல் தாளிலேயே அச்சடித்துவிடுங்கள். கடைசி நிமிடத்தில் வாக்குவாதம் வராது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுத்த கடிதமும் இதே மாதிரிதான், பெயரை மாற்றி மறுபடி கொடுங்கள். மழைக்கு விடுமுறை விட்டால் எந்தச் சனிக்கிழமை ஈடு செய்வது என்பதை அக்டோபர் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

அவர் எங்கே உட்காருவார்

சார் தன் அறையைத் தானாகவே காலி செய்து, ஸ்டாஃப் ரூமில் ஜன்னலோர மேஜைக்கு வந்துவிட்டார். அவரை எப்படிக் கூப்பிடுவது, எதிரில் வந்தால் என்ன பேசுவது என்று சில பேருக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் யாரும் அவரோடு டீ குடிக்கப் போகவில்லை. இதைப் பொறுப்பேற்றவர்தான் சரி செய்ய முடியும். நான் மறுநாள் பதினொரு மணிக்கு அவர் மேஜைக்குப் போய், "வாங்க சார், டீ குடிக்கலாம்" என்றேன். அதற்கப்புறம் மற்றவர்களும் சகஜமானார்கள். துறைக் கூட்டத்தில் அவர் கருத்தைக் கேளுங்கள், மதித்துக் கேளுங்கள். ஆனால் முடிவை அவரிடம் தள்ளாதீர்கள். "சார் கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று நீங்கள் இரண்டு தடவை சொன்னால், மூன்றாவது தடவை பிள்ளைகள் நேராக அவரிடமே போய்விடுவார்கள். விட்டுவிட்டு வந்த வேலை அவரைத் துரத்தும், அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அவர் எடுத்த பாடங்களை அவரே எடுக்கட்டும். அவரிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் இருந்தால், தலைவர் பதவி போனாலும் வழிகாட்டி அவர்தான், அதில் எதுவும் மாறாது என்று அந்த மாணவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தால் அது தானாக உங்களுக்கு வராது, யார் பெயரில் நியமனம் என்று கடிதத்தைப் பாருங்கள்.

உங்கள் நோட்டு

காலண்டரோடு போய் எழுதிய அந்த நோட்டை நான் மூடவே இல்லை. வாரத்துக்கு ஒரு பக்கம். அந்த வாரம் கோப்பில் இல்லாத என்ன காரியம் செய்தேன், யாரிடம் பேசினேன், எது பாக்கி என்று வெள்ளிக்கிழமை மாலை எழுதுவேன். பத்து வரிக்கு மேல் வராது. நவம்பர் கடைசியில் அதை நகலெடுத்து, பணிமூப்பில் எனக்கு அடுத்து இருப்பவரிடம் ஒன்று, ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் ஒன்று கொடுத்தேன்.

நகலெடுக்கும்போது ஒரு பக்கத்தை விட்டுவிட்டேன். பாசிக்குப் போகும் பெண்களின் பேட்ச், சிறையில் இருக்கும் அப்பா, கட்டண அவகாசம் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான். அடுத்தவர் பொறுப்பேற்கும் நாள் வந்தால், ஒரு மணி நேரம் கேட்டு, காலண்டரை நடுவில் வைத்து, அதை வாயால் மட்டும் சொல்வேன். நீங்களும் அதை எழுத்தில் கொடுக்காதீர்கள்.